கனடாவில் குடியேற யாருக்குத் தகுதி? எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக் கணக்கு

கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எடுத்துத் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் அலுவலகம் எதற்குள் போனாலும் முதலில் காதில் விழுவது, "உங்களுக்குத் தகுதி இருக்கு சார்" என்ற பேச்சுதான். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. ஆனால் கனடாவின் விதிகளில் தகுதி என்பது ஒரு படி, பி.ஆர்.க்கு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பு என்பது அடுத்த படி. முதல் படியில் நிற்பவர்கள் ஏராளம். அவர்களில் அழைப்பு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்லாமலே பணத்தை வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தூரத்தை நீங்களே, காசு செலவில்லாமல், ஒரு மாலை நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

குடியேற வருபவரைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை முதன்முதலில் கொண்டுவந்த நாடு கனடா. 1967இல் அது தொடங்கியது. இப்போது நடப்பில் உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் வந்தது. இது தனி விசா இல்லை. மூன்று திட்டங்களின் விண்ணப்பதாரர்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தும் ஏற்பாடு. கனடாவிலேயே கடந்த 3 ஆண்டுக்குள் குறைந்தது ஓராண்டு திறன் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு திட்டம். எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று. ஊரிலிருந்து நேரே போக நினைக்கும் பட்டதாரிக்குப் பொருந்துவது மூன்றாவது, ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டம். கியூபெக் மாகாணம் மட்டும் இதில் சேராமல் தனக்கென ஒரு தேர்வு முறை வைத்திருக்கிறது.

1980களில் இலங்கையிலிருந்து போய் நிலைபெற்ற தமிழர்களில் பெரும்பாலோர் அகதிக் கோரிக்கை வழியாகப் போனவர்கள். அது உயிருக்குப் பாதுகாப்பு தேடி வருவோருக்கான வேறு சட்டப் பாதை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் "எங்ககிட்ட இதெல்லாம் கேக்கலையே" என்று சொன்னால் அதற்குக் காரணம் இதுதான். அவர் வந்த வழியை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணிக்க முடியாது.

முதல் படி: 67 புள்ளி

ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்துக்குள் நுழைய 100க்கு 67 வேண்டும். மொழிக்கு 28, படிப்புக்கு 25, வேலை அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கனடாவில் உறுதியான வேலை கையில் இருந்தால் 10, அங்கே போய் ஒன்றிப்போகும் வாய்ப்புக்கு 10. வயதில் 18 முதல் 35 வரை முழுப் புள்ளி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று குறைந்து 47இல் பூஜ்யம் ஆகிவிடும்.

புள்ளி எவ்வளவு வந்தாலும் சில நிபந்தனைகளுக்கு விலக்கு கிடையாது. கடந்த 10 ஆண்டுக்குள் தொடர்ச்சியாக ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த வேலை கனடாவின் தொழில் பட்டியலில் 0, 1, 2, 3 ஆகிய நிலைகளுக்குள் வர வேண்டும். சாஃப்ட்வேர் இன்ஜினீயர், நர்ஸ், சமையல்காரர், லாரி டிரைவர் எல்லோரும் இதில் வருவார்கள். கடையில் கேஷியராக இருந்த அனுபவமும், பார்சல் டெலிவரி செய்த அனுபவமும் வராது. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினால் ஜெனரல் டிரெயினிங் பிரிவில் நான்கு பகுதியிலும் குறைந்தது 6.0 வேண்டும். படிக்கப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவு இதற்குச் செல்லாது.

ஒன்றிப்போகும் வாய்ப்புக்கான அந்த 10இல், சொந்தம் யாராவது அங்கே இருந்தால் 5 புள்ளி உண்டு. அம்மா அப்பா, தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் மகன், அக்கா மகள் வரை கணக்கில் வருவார்கள். கணவன் அல்லது மனைவி வழியில் இருந்தாலும் சரி. அவர் கனடா குடிமகனாகவோ பி.ஆர். உள்ளவராகவோ இருந்து, அங்கேயே வசிக்க வேண்டும். பெரியப்பா மகனுக்கும் மாமா மகளுக்கும் புள்ளி இல்லை.

இரண்டாம் படி: தரவரிசை

67 தாண்டியவுடன் இணையத்தில் ஒரு புரொஃபைல் போடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 12 மாதம் செல்லும். உள்ளே போனதும் அந்த 67ஐ மறந்துவிடுங்கள். இனி பேசுவது 1,200க்குப் போடும் சி.ஆர்.எஸ். என்ற தரவரிசை மதிப்பெண் மட்டும்தான். கனடா அரசு அவ்வப்போது ஒரு சுற்று நடத்தி, பட்டியலின் மேலிருந்து இத்தனை பேர் என்று அழைக்கிறது. கடைசியாக அழைக்கப்பட்டவரின் மதிப்பெண்தான் அந்தச் சுற்றின் கட்-ஆஃப்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். வயது 29, கல்யாணம் ஆகவில்லை, நான்கு வருட பி.இ., 5 ஆண்டு அனுபவம், எல்லாம் இந்தியாவில். வயதுக்கு 110, பட்டத்துக்கு 120. ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் லிஸனிங் 8.0, மற்ற மூன்றும் 7.0 வாங்கினால் சி.எல்.பி. என்ற கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் 9ஆம் நிலை, அதற்கு 124. அந்த மொழி நிலையோடு படிப்பு சேர்ந்தால் 25, அனுபவம் சேர்ந்தால் 50. ஆக மொத்தம் 429.

இதே ஆள் ரைட்டிங்கில் மட்டும் 6.5 வாங்கினார் என்று வையுங்கள். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. மொழிப் புள்ளி 124இலிருந்து 116 ஆகும். எட்டுதான் போனது என்று தோன்றும். ஆனால் மொழியோடு படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்துத் தரும் புள்ளிக்கு நான்கு பகுதியும் சி.எல்.பி. 9 தொட்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த 75 புள்ளி 38 ஆகிவிடும். மொத்தம் 384. ரைட்டிங்கில் அரை பேண்ட் குறைந்ததற்கு விலை 45 புள்ளி! நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடறுவது ரைட்டிங்தான். ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல ரைட்டிங் பயிற்சிக்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வயது 30 தொட்டதும் புள்ளி இறங்கத் தொடங்கும். 29இல் 110, 35இல் 77, 40இல் 50, 45இல் ஒன்றும் இல்லை. பிறந்தநாள் வந்த அன்றே மதிப்பெண் தானாகக் குறைந்துவிடும்.

429 போதுமா? நேர்மையாகச் சொன்னால், போதாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் கனடா அனுபவம் உள்ளவர்களுக்கான சுற்றுகளிலேயே கட்-ஆஃப் 500க்கு மேல்தான் நின்றது. 2025இல் எல்லோரையும் சேர்த்து அழைக்கும் பொதுச் சுற்று நடக்கவில்லை. கனடாவில் வேலை பார்த்தவர்கள், மாகாணம் பரிந்துரைத்தவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், மருத்துவம், கல்வி, கைத்தொழில் துறையினர் என்று பிரித்துப் பிரித்துத்தான் அழைத்தார்கள். கனடா எடுக்கும் மொத்த எண்ணிக்கையும் சுருங்கியிருக்கிறது. 2025க்கு 3,95,000 பேர், 2026க்கு 3,80,000 பேர் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. தகுதி இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்தப் பத்தியைச் சொல்வதே இல்லை.

மதிப்பெண்ணை ஏற்றும் வழிகள்

மாகாணப் பரிந்துரை கிடைத்தால் ஒரேயடியாக 600 புள்ளி சேரும். அதன் பிறகு அழைப்பு ஏறத்தாழ உறுதி. ஆனால் ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என்று ஒவ்வொரு மாகாணமும் தனக்கு என்ன ஆள் தேவையோ அதற்கேற்ப விதி வைக்கிறது, மாற்றுகிறது. பரிந்துரைத்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம் உண்மையாகவே இருக்க வேண்டும்.

முதுகலைப் பட்டம் இருந்தால் மேலே சொன்ன 429 அப்படியே 469 ஆகும். உடன்பிறந்த அண்ணனோ அக்காவோ கனடாவில் குடிமகனாகவோ பி.ஆர். ஆகவோ வசித்தால் 15 புள்ளி. கணவன், மனைவி இருவரும் படித்தவர்கள் என்றால் யார் பெயரில் விண்ணப்பித்தால் மதிப்பெண் அதிகம் வருகிறது என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் யோசிக்காமல் கணவன் பெயரிலேயே போட்டுவிடுகிறார்கள். நாலு வயது இளையவரான, ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கும் மனைவி முதன்மை விண்ணப்பதாரரானால் கணக்கே மாறிவிடும்.

பலரும் கண்டுகொள்ளாத வழி பிரெஞ்சு. பிரெஞ்சுத் தேர்வின் நான்கு பகுதியிலும் கனடாவின் அளவுகோலில் நிலை 7 எட்டினால் நம் 29 வயது இன்ஜினீயருக்கு இரண்டாம் மொழிக்காக 12, கூடுதலாக 50, ஆக 62 புள்ளி ஏறி 491 வரும். அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றே உண்டு. 2025 மார்ச்சில் அதன் கட்-ஆஃப் 379 வரை இறங்கியது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நிலைக்கு விடாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முன்பெல்லாம் கனடா கம்பெனியின் வேலை உறுதிக் கடிதத்துக்கு சி.ஆர்.எஸ்.ஸில் 50 அல்லது 200 புள்ளி உண்டு. அதை வைத்துக் கடிதத்தையே விலைக்கு விற்கத் தொடங்கியதால் 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் "ஜாப் ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், புள்ளி ஏறும்" என்று யாராவது பணம் கேட்டால், அது இல்லாத புள்ளிக்கான வியாபாரம்.

காகிதத்தில் கவனம்

பட்டத்தைக் கனடா தரத்தோடு ஒப்பிட்டுச் சான்று வாங்க வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். மொழித் தேர்வு 2 ஆண்டு. அழைப்பு வந்த பிறகு எல்லா ஆவணத்தோடும் விண்ணப்பிக்க 60 நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஓடியாடித் தேடுவது கஷ்டம், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அனுபவக் கடிதத்தில்தான் நிறைய பேர் சிக்கிக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கம்பெனிகள் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்று இரண்டு வரியில் முடித்துவிடும். கனடாவுக்கு அது போதாது. பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். செய்த வேலை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொழில் குறியீட்டோடு பொருந்த வேண்டும்.

அடுத்தது இனிஷியல். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வேறொன்றில் இரண்டும் இல்லாமல் என்று நம்மவர்களின் பெயர் ஆளுக்கொரு விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், கனடா படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும்.

அப்புறம் பணம். ஸ்கில்டு வொர்க்கர் வழியில் போகிறவர் அங்கே போய்ச் சமாளிக்கக் கையில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் அறிவித்தபடி தனி ஆளுக்கு 15,263 கனடா டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362. ஆண்டுதோறும் இது மாறும். நிலமும் நகையும் கணக்கில் வராது. கடன் வாங்கிப் போட்ட பணமும் கூடாது. கடந்த 6 மாத சராசரி இருப்பையும் நிலுவையில் உள்ள கடனையும் வங்கிக் கடிதத்திலேயே கேட்கிறார்கள். அரசுக் கட்டணம் தனி: 2024 ஏப்ரல் இறுதியில் நிர்ணயித்தபடி பெரியவர்களுக்குத் தலைக்கு 1,525 டாலர், பிள்ளைக்கு 260. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள் என்பதால் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இது அழைப்பு வந்த பிறகு கட்டுவது.

குடும்பத்தில் யாரையும் மறைக்காதீர்கள். மனைவி இப்போது வரவில்லை, பிள்ளை முதல் கல்யாணத்தில் பிறந்தது என்று எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் பெயர் இருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட மனைவியையோ பிள்ளையையோ பின்னால் குடும்ப ஸ்பான்சர் வழியில் கூட்டிப்போக விதி பொதுவாக இடம் தருவதில்லை. விண்ணப்பித்த பிறகு கல்யாணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். கூடச் செல்லும் பிள்ளை 22 வயதுக்குள், மணமாகாதவராக இருக்க வேண்டும்.

பொய் அனுபவம், பொய் ஆவணம் பிடிபட்டால் 5 ஆண்டு கனடாவுக்குள் நுழையத் தடை. ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது என்பது பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது. காசு வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்க, கனடாவில் பதிவு பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குத்தான் உரிமை. ஆலோசகரின் பதிவு எண்ணை வாங்கி, அவர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் பாஸ்போர்ட் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

பி.ஆர். கிடைத்த பிறகு ஐந்தாண்டில் குறைந்தது 730 நாள் அங்கே இருந்தால்தான் அது நிலைக்கும். குடியுரிமை கேட்க ஐந்தாண்டில் 1,095 நாள். டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்கு பி.ஆர். இருந்தாலும் தொழில் செய்ய மாகாணத்தின் லைசென்ஸ் தனியாக வேண்டும்.

அம்மா அப்பாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்த விண்ணப்பத்தில் அவர்களைச் சேர்க்க முடியாது. அவர்களை பி.ஆர். ஆக ஸ்பான்சர் செய்யும் திட்டத்தில் இடம் குறைவு, வரிசை நீளம். கைக்கு எட்டுவது சூப்பர் விசா. பத்தாண்டு வரை செல்லும் இதில் ஒருமுறை போனால் ஐந்தாண்டு வரை தங்கலாம். அதற்குப் பிள்ளையின் வருமானம் நிர்ணயித்த அளவில் இருக்க வேண்டும். பெற்றோருக்குக் குறைந்தது ஓராண்டுக்கு, 1,00,000 கனடா டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.