அந்தி மங்கலில் சிவப்பு ஏன் மறைகிறது?

சிவப்புச் சட்டை போட்டிருந்தால் வாகனக்காரர் கண்ணில் படுவோம் என்று நம்பித்தான் பலரும் மாலை ஆறரைக்கு மேல் மலையகத்து வளைவுப் பாதைகளில் நடக்கிறார்கள். பகலில் அது சரி. வெளிச்சம் குறையும்போது முதலில் இருண்டு போவதே அந்த நிறம்தான்.

விழித்திரையில் ஏறக்குறைய 6 மில்லியன் கூம்புக் கலங்கள் பகலையும் நிறத்தையும் கவனிக்கின்றன. மங்கல் வெளிச்சத்துக்கு உரியவை 120 மில்லியன் அளவிலான கோல் கலங்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பகலில் கண் அதிகம் உணர்வது 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சையை. கோல் கலங்களோ 500 நனோமீற்றரை ஒட்டிய நீலப்பச்சையைத்தான் நன்றாகப் பிடிக்கும். கடுஞ்சிவப்பு அவற்றுக்குத் தெரிவதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தியில் சிவப்பு இருண்டுபோவதைக் கவனித்து எழுதியவர் செக் நாட்டு உடலியலாளர் பர்க்கின்யே. வாசலில் நிற்கும் சிவப்பு ரோசாச் செடியை அந்தியில் பாருங்கள்: பூ கறுத்துவிடும், இலை இன்னும் வெளிறித் தெரியும்.

கோல் கலங்களில் உள்ள, ஒளியை உணரும் ரொடொப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதையும், இருட்டில் மெதுவாகத்தான் மீண்டும் சேரும். முழுதாகச் சேர 30 நிமிடமாவது வேண்டும். நம் நாட்டிலோ அதற்கு முன்பே அந்தி முடிந்து இருட்டிவிடும். அந்த நேரத்தில் எதிரே வரும் லொறியின் ஹெட்லைட் கூசினால், பாதையோரம் நிற்பவர் சில நொடிகள் தெரியாமலே போவார்.

வெள்ளையோ வெளிர் மஞ்சளோ உடுத்துங்கள். அதைவிட நல்லது, ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டியைக் கணுக்காலில் கட்டுவது. கால் அசைவதைக் கண்டதும் ஆள் நடப்பதாக ஓட்டுநருக்கு உடனே புரியும். டோர்ச்சை நிலத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பனிமூட்டத்தில் ஓட்டுபவர்கள் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். ஹை பீம் நீர்த்துளிகளில் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

பொழுது சாய்ந்ததும் பிள்ளை சுவரைத் தடவி நடந்தால், லயத்துப் படியில் இடறினால், இருட்டுக்குப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். அது மாலைக்கண்ணாக இருக்கலாம். ரொடொப்சின் உருவாக விற்றமின் ஏ வேண்டும். முருங்கைக் கீரை, கரட், பூசணியைக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்துக் கொடுங்கள். எண்ணெய் இல்லாமல் உடம்பு அதைச் சரியாக எடுக்காது. வெண்விழியில் சோப்பு நுரைபோல் புள்ளி கண்டால் அன்றே கண் கிளினிக்குக்கு வாருங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு மிஞ்சினால் ஈரல் கெடும்.

நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் மாலைக்கண் வரும். பக்கவாட்டில் உள்ள பொருளிலும் மோதினால், முக்கியமாகச் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பமானால், அது பரம்பரை விழித்திரை நோயா என்று பார்க்க வேண்டும். சோதிக்கும்போது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். அதன்பின் சில மணித்தியாலம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும்; அன்று பிள்ளையைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள்.