ஸ்பானிய வினைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்வோர் கவனத்துக்கு

ஸ்பானியம் கற்பிக்கும் பணியில் நான் மிகுதியாகத் திருத்தும் பிழை ஒன்று உண்டு. 'அவர் தூங்கினார்' என்பதற்குத் 'துர்மியோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில், நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடத் 'த்வெர்மியோ' என்கிறார்கள். 'தூங்குகிறேன்' என்பதற்குரிய 'த்வேர்மொ' மனத்தில் பதிந்துவிட்டதால், அதன் பகுதியை அப்படியே இறந்தகாலத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இதற்கு அவர்களுடைய நினைவாற்றலைக் குறைசொல்ல மாட்டேன். பகுதி திரியும் வினைகளுக்கு 'ஒழுங்கற்றவை' என்று பெயரிட்டு, திரியும் வடிவங்களைச் சுற்றிக் கோடிட்டால் காலணி போலத் தெரியும் அட்டவணைக் கட்டத்துக்குள் அடைத்து ஒப்பிக்க வைக்கும் ஆசிரியர்களாகிய எங்கள் பழக்கத்தில்தான் கோளாறு இருக்கிறது.

அந்தக் கட்டம் திரிபு எங்கே நிகழ்கிறது என்று காட்டுமே தவிர, ஏன் நிகழ்கிறது என்று சொல்லாது. காரணம் அழுத்தம், அதாவது சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பது. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை என்பதால், நம் செவி அதைத் தேடிப் பழகவில்லை. ஸ்பானியத்திலோ 'ஆப்லொ' என்றால் 'பேசுகிறேன்', 'அப்லோ' என்றால் 'அவர் பேசினார்'. (அழுத்தம் விழும் உயிரை இக்கட்டுரை முழுவதும் நெடிலாக எழுதியிருக்கிறேன்.)

இயலுதலைக் குறிக்கும் 'பொதேர்' என்ற வினையைப் பாருங்கள். ப்வேதொ, ப்வேதெஸ், ப்வேதெ, ப்வேதென் (என்னால், உன்னால், அவரால், அவர்களால் இயலும்) ஆகிய நான்கிலும் அழுத்தம் பகுதியின் மேல் விழுவதால் ஒகரம் 'உவெ' என்று பிளக்கிறது. 'பொதேமொஸ்' (நம்மால் இயலும்) என்னும்போது அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுவதால் ஒகரம் அப்படியே நிற்கிறது. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்ற சொல் வழங்குகிறது. அதனோடு வருவது 'பொதேஸ்'. கட்டத்தை மட்டும் நம்பியவர் இதைக் கேட்டுத் திகைப்பார், அழுத்தத்தைக் கேட்கப் பழகியவருக்கோ இதில் வியப்பே இல்லை.

இந்தப் பிளவின் வரலாறு தமிழருக்கு எளிதில் விளங்கும். லத்தீனிலும் நம்மைப் போலவே எ-ஏ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு இருந்தது. பிற்காலப் பேச்சு லத்தீனில் அந்த வேறுபாடு மறைந்தது. அதிலிருந்து வளர்ந்த ஸ்பானியத்தில், அழுத்தம் பெற்ற பழைய குறில்கள் 'இயெ', 'உவெ' என்று பிளந்தன, பழைய நெடில்கள் பிளக்கவில்லை. லத்தீன் குறிலிலிருந்து வந்த 'பெர்தேர்' (இழத்தல்) 'பியேர்தொ' ஆவதும், நெடிலிலிருந்து வந்த 'தெவேர்' (கடமைப்பட்டிருத்தல்) 'தேவொ' என்றே நிற்பதும் அதனால்தான். பிற்காலத்தில் மற்ற வினைகளைப் பின்பற்றி ஒப்புமையால் இந்த வரிசையில் சேர்ந்த வினைகளும் உண்டு என்பதால் அகராதியைப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. பெயர்ச்சொற்களிலும் இதே ஓட்டம் தெரியும்: கதவு 'ப்வேர்த்த', வாயிற்காவலர் 'பொர்த்தேரொ'.

இறந்தகாலத்தின் கதை வேறு. அங்கே இவ்வினைகளில் பெரும்பாலானவற்றில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் பிளவுக்கு இடமில்லை. 'பியேன்சொ' (நினைக்கிறேன்) என்பதன் இறந்தகாலப் படர்க்கை 'பென்சோ', 'பியேர்தொ' என்பதற்கு 'பெர்தியோ'. ('பொதேர்' போன்ற சில வினைகள் இறந்தகாலத்துக்கெனத் தனிப் பகுதி கொண்டவை, அவற்றைத் தனியாகவே படிக்க வேண்டும்.) 'இர்' என்று முடியும் வினைகளில் மட்டும், படர்க்கை ஒருமையிலும் பன்மையிலும், விகுதியின் தொடக்கத்திலுள்ள யகர ஒலி முன்னிருக்கும் உயிரை உயர்த்திவிடுகிறது. எகரம் இகரமாகி, ஒன்றைத் தரும்படி கேட்பதைக் குறிக்கும் 'பெதீர்' என்ற வினை 'பிதியோ' ஆகிறது. ஒகரம் உகரமாகி, 'தொர்மீர்' 'துர்மியோ' ஆகிறது. 'தூங்கினேன்' என்பதோ 'தொர்மீ', அதில் எந்தத் திரிபும் இல்லை.

இவை படர்க்கை வடிவங்கள்தானே என்று அலட்சியப்படுத்துவதற்கில்லை. 'நீங்கள்' என்று மரியாதையாக அழைக்கும் 'உஸ்தேத்' என்ற சொல்லும் படர்க்கை வினையையே ஏற்கும். ஆகவே விருந்தினரிடமோ நோயாளியிடமோ 'நன்றாகத் தூங்கினீர்களா?' என்று கேட்கும்போது வாயில் வர வேண்டியது 'துர்மியோ' என்ற இந்த வடிவம்தான்.

இப்போதெல்லாம் என் வகுப்பில் முதல் வாரம் அட்டவணையே கிடையாது. நான் சொல்லைச் சொல்வேன். அழுத்தம் விழும் அசையில் மாணவர்கள் மேசையைத் தட்ட வேண்டும். தட்டு பகுதியில் விழுகிறதா விகுதியில் விழுகிறதா என்பது பிடிபட்ட பிறகே எழுதச் சொல்கிறேன்.