அமெரிக்காவுல விவசாயிக்கு மானியம்: உங்க வயலை பாக்க மாட்டாங்க, கவுன்ட்டியைத்தான் பாப்பாங்க

ஐயோவா மாநிலத்துல 99 கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கு, போற வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். அங்க ஒருத்தர் வயல்ல ஆலங்கட்டி மழை அடிச்சு மொத்த சோளமும் படுத்துடுச்சுன்னு வைங்க, ஆனா அந்த கவுன்ட்டி முழுக்க மத்தவங்களுக்கு நல்ல விளைச்சல், விலையும் பரவால்ல. அவருக்கு ஆர்க் கவுன்ட்டிங்கற அரசு மானிய திட்டத்துல வர்ற பணம் பூஜ்யம். ஏன்னு புரிஞ்சுட்டா மீதி எல்லாம் ஈஸி.

2014 விவசாய சட்டத்துல கொண்டு வந்த ரெண்டு திட்டம் இருக்கு, ஆர்க் (வருமானம் குறைஞ்சா பணம்), பிஎல்சி (விலை குறைஞ்சா பணம்). ஆர்க்ல கவுன்ட்டியோட சராசரி விளைச்சலையும் நாட்டோட சராசரி விலையையும் பெருக்கி ஒரு வருமானம் போடுவாங்க, அதுக்கு முந்தின 5 வருஷ கணக்குல அதிகமானது ஒண்ணு குறைஞ்சது ஒண்ணு தூக்கிட்டு மிச்சத்துக்கு சராசரி எடுத்து, அந்த வருஷ வருமானம் அதுல 90 சதவீதத்துக்கு கீழ போனாத்தான் பணம், அதுவும் அந்த சராசரியில 12 சதவீதத்துக்கு மேல கிடையாது. 2025 சட்டத்துக்கு முன்னாடி இது 86, 10ன்னு இருந்துச்சு.

பிஎல்சி விலையை மட்டும் பாக்கும், சட்டத்துல சொன்ன விலைக்கு கீழ போனா அந்த வித்தியாசத்தை குடுக்கும். மக்காச்சோளத்துக்கு ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோவுக்கு 4.10 டாலர்னு சட்டத்துல இருக்கு, முன்னாடி 3.70. (முந்தின வருஷங்கள்ல நல்ல விலை வித்திருந்தா இந்த அளவு கொஞ்சம் ஏறும், இங்க 4.10னே வச்சுக்கறேன்.) விலை 3.80க்கு இறங்கினா வித்தியாசம் 30 சென்ட். ஏக்கருக்கு 150 புஷல்னு பதிவு, 100 பேஸ் ஏக்கர் (அது என்னன்னு அடுத்து சொல்றேன்), அதுல 85 சதவீதத்துக்குத்தான் பணம், அப்போ 3,825 டாலர்.

இந்த பேஸ் ஏக்கர்லதான் எல்லாரும் குழம்பறாங்க. அது இந்த வருஷம் விதைச்ச ஏக்கர் இல்ல, அந்த நிலத்துல பல வருஷம் முன்னாடி என்ன பயிர் பண்ணாங்கன்னு ஆபீஸ்ல இருக்கற பதிவு. சோளம் பேஸ் இருக்கற நிலத்துல சோயா போட்டாலும் சோளத்துக்கான பணம்தான் வரும். பதிவே இல்லாத நிலத்தை வாங்கின புது விவசாயிக்கு ரெண்டு திட்டத்துலயும் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு, எனக்கு இது ரொம்ப அநியாயமா படும். 2025 சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரைக்கும் புதுசா சேர்க்க வழி பண்ணிருக்கு.

குத்தகையை பணமா குடுத்தா மானியம் பயிர் பண்றவருக்கு, விளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு விட்டா நிலக்காரரும் பயிர் பண்றவரும் பிரிச்சுக்கணும். 2025 பயிருக்கு ஆளுக்கு உச்சவரம்பு 1,55,000 டாலர்.

பணம் கைக்கு வர லேட்டாகும், அறுவடைக்கு அடுத்த வருஷம் அக்டோபர்லதான், ஏன்னா விலை சராசரி தெரியணும்ல, அதனால விதைப்புக்கு இதை நம்பி கடன் வாங்கிடாதீங்கன்னுதான் சொல்வேன். எந்த திட்டம்னு ஒவ்வொரு பயிருக்கும் முன்கூட்டியே கவுன்ட்டியில இருக்கற ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும், 2025 பயிருக்கு மட்டும் ரெண்டுல எது அதிகமோ அது தானா வந்துடும். அந்த ஆபீஸ் முடிவுகளை பாக்கற கமிட்டியை விவசாயிங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க, அது நல்ல ஏற்பாடு.

சரி, ஆலங்கட்டியில போன அந்த வயலுக்கு? அதுக்கு பயிர் காப்பீடு தனியா எடுத்திருக்கணும், பிரீமியத்துல சராசரியா பாதிக்கு மேல கவர்மென்ட்டே கட்டும், ஆனா சோளத்துக்கு மார்ச் 15க்குள்ள கையெழுத்து போட்டிருக்கணும்.