மன்னிப்பு கேட்டுவிட்டாரே, இன்னும் புகார் எதற்கு?

மத நிறுவனத்துக்குள் ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தால் குடும்பம் முதலில் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. பங்குத் தந்தையிடம், ஜமாத் தலைவரிடம், மடத்து மேலாளரிடம், சபை மூப்பரிடம் போகிறது. நம்பிக்கை இருக்கிற இடத்துக்குத்தானே போவார்கள்? அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. "நாங்களே விசாரிக்கிறோம்." "அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறோம்." "காலில் விழுந்து மன்னிப்பு கேட்டுவிட்டார், இன்னும் என்ன?" "வெளியே தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம்தான் பாழாகும்." இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் அல்ல. மன்னிப்பது, பெரியவர் சொல் கேட்பது, சமூகத்தின் மானம் காப்பது என்று தங்கள் மதம் சொல்லிக்கொடுத்த அறத்தின்படியே நடக்கிறோம் என்று மனமார நம்புகிறவர்கள் பலர். வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-இன்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் அப்படித்தான். சொல்லாவிட்டால் பிரிவு 21-இல் 6 மாதம் வரை சிறை. குற்றம் செய்தவர் தம் கீழ் வேலை பார்ப்பவராக இருந்து நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் அது ஓராண்டு வரை போகும். புகாரைப் பதிவு செய்யாத காவலருக்கும் அதே பிரிவில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்த வழக்கும் போட முடியாது. இன்னொன்று: மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அந்த நிறுவனத்தில் இருக்கும் குழந்தையிடம் செய்தால் அது தீவிரப்படுத்தப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் ஊடுருவும் தாக்குதலுக்குக் குறைந்தது 20 ஆண்டு. மற்ற பாலியல் தாக்குதலுக்கு 5 முதல் 7 ஆண்டு. புனிதமான இடம் என்பது தண்டனையைக் கூட்டும் காரணம், குறைக்கும் காரணம் அல்ல.

உள்விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் ஜான் ஸ்மித் விவகாரத்தைப் பார்க்கலாம். கிறிஸ்தவ முகாம்களை நடத்திய வழக்கறிஞர் அவர். அங்கே வந்த பையன்களைக் கொடூரமாகப் பிரம்பால் அடித்தார். 1982-லேயே ஒரு போதகர் விசாரித்து அறிக்கை எழுதினார். அது சிலர் கைக்குள்ளேயே நின்றது, காவல்துறைக்குப் போகவில்லை. வெளியே வந்தால் கடவுளின் பணி கெடும் என்ற அச்சம். ஸ்மித் ஜிம்பாப்வேக்கும் பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். ஆப்பிரிக்காவிலும் பையன்கள் சிக்கினார்கள். 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக 2024 நவம்பரில் வெளியான மேக்கின் விசாரணை அறிக்கை சொன்னது. அந்தத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் பதவி விலகினார். ஸ்மித் வழக்கையே சந்திக்காமல் 2018-இல் இறந்துபோயிருந்தார்.

உள்விசாரணையால் சாட்சியம் எப்படிச் சேதமாகிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. ஐந்து பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இங்கேயா தொட்டார்? இப்படியா?" என்று கேட்கிறார்கள். குழந்தை பயத்தில் தலையாட்டுகிறது. நாலு இடத்தில் நாலு விதமாகச் சொன்னதாக அது பதிவாகிறது. பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். இதற்குள் துணி துவைக்கப்பட்டுவிடும். சிசிடிவி பதிவின் மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் செல்பேசியைத் துடைக்க வேண்டிய அவகாசம் கிடைத்திருக்கும்.

அடுத்து சமரசம். பணம், மன்னிப்புக் கடிதம், சில ஊர்களில் கல்யாணமே தீர்வாக வருகிறது. கேரளத்தின் கொட்டியூரில் பள்ளி மேலாளராகவும் இருந்த ஒரு பாதிரியாரால் 16 வயதுச் சிறுமி தாயானாள். 2017-இல் விசாரணை தொடங்கியபோது சிறுமியின் அப்பாவே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நீதிமன்றத்தில் குடும்பமே பிறழ் சாட்சியானது. டிஎன்ஏ பரிசோதனையும் பிறப்புச் சான்றும் நின்றதால்தான் 2019 பிப்ரவரியில் தலச்சேரி போக்சோ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதன் பிறகும், திருமணம் செய்துகொள்கிறோம் என்று இரு தரப்பும் கேட்டதை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் ராம்ஜி லால் பைரவா வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. ஆகவே, மனதார மன்னித்தாலும் அது குடும்பத்தின் சொந்த விஷயம். வழக்கு அரசுடையது.

பாவசங்கீர்த்தனத்தில் (பாதிரியாரிடம் பாவங்களை இரகசியமாக அறிக்கையிடுவதில்) கேட்டதைச் சொல்லலாமா என்ற கேள்வி கத்தோலிக்கர்களிடமிருந்து வருகிறது. திருச்சபைச் சட்டத்தில் அந்த இரகசியத்தை உடைத்தால் சபை விலக்கம். இந்தியாவின் சாட்சியச் சட்டமோ (2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியம்) வக்கீல்–கட்சிக்காரர், கணவன்–மனைவி பேச்சுக்குப் பாதுகாப்பு தருகிறது. பாதிரியாருக்கு அப்படி எதுவும் இல்லை, பிரிவு 19-இலும் விலக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பாவசங்கீர்த்தனத்துக்கு இருந்த விலக்கை 2020 முதல் வெளிப்படையாகவே நீக்கிவிட்டது. நடைமுறையில் பாவசங்கீர்த்தனம் அரிதாகவே குறுக்கே வருகிறது. மறைக்கப்படும் தகவல் பெரும்பாலும் அலுவலக அறையில், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதுதான்.

குடும்பம் செய்ய வேண்டியது: குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெடுத்துவிடும். ஊடுருவல் இருந்திருக்கலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்துக்கும் அதுதான் கெடு. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லாமலேயே பரிசோதிக்கலாம் என்று போக்சோ பிரிவு 27 சொல்கிறது. சிறுமியைப் பரிசோதிப்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும்.

பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் புகார் வந்தது என்பதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்பதும் காரணம் ஆகாது. ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த சாமியார் ஆசாராமின் வழக்கில் சம்பவம் நடந்தது ராஜஸ்தானின் ஜோத்பூர் அருகே. 2013 ஆகஸ்டில் டெல்லி கமலா மார்க்கெட் நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதியும் எஃப்.ஐ.ஆர்.) போடப்பட்டு ராஜஸ்தானுக்குப் போனது. பேய் பிடித்திருக்கிறது, பாபா சரியாக்குவார் என்று நம்பி மகளை அழைத்துப்போன பக்தக் குடும்பம் அது. 2018 ஏப்ரலில் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை. இடையில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

பணத்துக்காகச் சமரசத்துக்கு இறங்கும் ஏழைக் குடும்பங்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது 2020 போக்சோ விதிகளின் 9-ஆம் விதி. எஃப்.ஐ.ஆர். ஆனதுமே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. புகார் வந்த அன்றே காவல்துறைக்குச் சொல்லுங்கள், சொன்னதற்கு எழுத்தில் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை விசாரிப்பது அல்ல. தகவல் சொல்வது, சிசிடிவி பதிவை எடுத்து வைப்பது, அந்த நபரைக் குழந்தைகள் இருக்கும் இடத்திலிருந்து விலக்குவது, அவ்வளவுதான். இன்ன குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று மேடையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிக்காதீர்கள். குழந்தை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவரை வேறு ஊருக்கு மாற்றுவதானால் முதலில் காவல் அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும், மாற்றும் இடத்துப் பொறுப்பாளருக்கும் காரணம் எழுத்தில் போக வேண்டும். "உடல்நிலை காரணமாக" என்று எழுதிய மாறுதல் கடிதம், பின்னால் பிரிவு 21-இல் உங்கள் பெயருக்கு எதிராகத் தாக்கலாகும் முதல் ஆவணமாக இருக்கும்.