மூடுபனிக்குள் கரகரக்கும் ரேடியோ

திகில் வீடியோ விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் எடுப்பவருக்கு முதல் எதிரி முதல் பாகம்தான். எதிர்பாராத சத்தத்துக்கு உடல் துள்ளுவது அனிச்சைச் செயல். என்ன சத்தம் என்று நாம் யோசிப்பதற்குள் மூளைத்தண்டு தசைகளை இழுத்துவிடும். ஆனால் அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் துள்ளல் தேய்ந்துகொண்டே போகும். முதல் வெடிக்குக் காதைப் பொத்துகிறவர் பத்தாவது வெடிக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்தால் பேய் பாயும் என்பது ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த பாகத்தில் இன்னும் பெரிய பேயைப் பாயவிட்டும் பெரிய பயன் இருக்காது.

ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான கொனாமி 2001-இல் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட ‘சைலன்ட் ஹில் 2’ இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. நோயில் இறந்து மூன்று ஆண்டுகள் ஆன மனைவி மேரியிடமிருந்து கதாநாயகன் ஜேம்ஸுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவளைத் தேடி அவன் சைலன்ட் ஹில் என்ற ஊருக்குப் போகிறான். காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கிறான். ஒன்றும் வருவதில்லை. முதன்முறை ஆடுகிறவர் அந்தச் சில நிமிடங்களில் பத்துத் தடவையாவது பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்.

அங்கே வேலை செய்வது மூடுபனி. உண்மையான பனியில் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவில் உள்ளவை வெளிறிப்போகின்றன. கணினி இதைக் குறுக்குவழியில் செய்கிறது: ஒரு பொருள் கேமராவிலிருந்து தள்ளிப் போகப் போக, அதன் நிறத்தில் பனியின் சாம்பல் நிறத்தைக் கூடுதலாகக் கலக்கிறது. ஒரு தொலைவுக்கு மேல் எல்லாமே சாம்பல். அதற்கு அப்பால் இருப்பதை வரையவே தேவையில்லை. 1999-இல் வந்த முதல் பாகத்தில் இது பெரிதும் இயலாமையை மறைக்கப் போட்ட திரை. முழு ஊரையும் ஒரே நேரத்தில் வரைய அன்றைய கருவிக்குத் திராணி இல்லை. இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்தது அதைவிடப் பலம் வாய்ந்த கருவி. ஆனாலும் பனியை விடவில்லை. அடுக்கடுக்காக மிதந்து நகரும்படி செம்மைப்படுத்தினார்கள். அதன் அருமை 2012-இல் வந்த உயர்தெளிவுப் பதிப்பில்தான் பலருக்கு உறைத்தது. அதில் பனி சரியாகப் படியவில்லை. படகில் ஏரியைக் கடக்கும் இடத்தில் நீர்ப்பரப்பு பாதியில் அறுந்து நிற்பது பல்லிளித்தது. பயமும் அங்கேயே கழன்று விழுந்தது.

அடுத்தது ரேடியோ. ஜேம்ஸ் கண்டெடுக்கும் சின்ன ரேடியோ, அரக்கன் அருகில் வந்தால் கரகரக்கும். நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஆபத்து உண்டு, இடம் தெரியாது என்ற இந்த அரைகுறைத் தகவல்தான் உடலைத் தயார்நிலையில் இறுக்கி வைத்திருக்கிறது. அந்த இறுக்கத்தில் இருப்பவருக்குச் சின்னச் சத்தம்கூடப் பெரிய துள்ளலைத் தரும். இருட்டும் அப்படியே: இருட்டில் மனிதர்களின் துள்ளல் அதிகரிப்பதைச் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். எலிகளிடம் இது தலைகீழ். இரவில் நடமாடும் அவை பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அதிகம் துள்ளுகின்றன. எலிகளுக்கு யாராவது திகில் விளையாட்டு செய்தால் டியூப்லைட் போட்டே பயமுறுத்தலாம்.

இவ்வளவு நுட்பமாகக் கட்டிய பயத்தைக் கெடுப்பது சண்டைதான். தலையில் இரும்புப் பிரமிடைக் கவிழ்த்துக்கொண்ட அந்த உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மசாஹிரோ இட்டோவின் வடிவமைப்பு. முதலில் ஒரு தாழ்வாரத்தில், கம்பிகளுக்கு அப்பால், மங்கிய சிவப்பு ஒளியில் நிற்கும். அசையாது, ஒன்றும் செய்யாது. விளையாட்டின் மிகப் பயங்கரமான காட்சி என்று இதைத்தான் சொல்வேன். பிறகு ஒரு குறுகலான அறையில் அதோடு மோத வேண்டும். அதன் பெருங்கத்தி மெதுவாக உயர்ந்து மெதுவாகவே இறங்குகிறது. ஒதுங்கிக்கொள்ள நேரம் தாராளம். வட்டமடித்துக்கொண்டே காலத்தைக் கடத்தினால் சைரன் ஒலிக்கும், அது தானாகவே படியிறங்கிப் போய்விடும். இரண்டு சுற்றில் அதன் கணக்கு புரிந்துவிடுகிறது. கணக்கு புரிந்த எதிரியிடம் யாருக்கும் பயம் இருக்காது. இதே காரணத்தால்தான் பாதி ஊரைக் கடப்பதற்குள் ரேடியோவும் வெறும் எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. தெருவில் பெரும்பாலான அரக்கர்களைத் தாண்டி ஓடிவிடலாம். வழக்கமான கடினநிலையில் ஆடினால் தோட்டாவும் மருந்தும் செலவழித்து மாளாது.

முடிவுகளைத் தேர்ந்தெடுக்கும் விதம் மட்டும் இன்றைக்கும் வியக்க வைக்கிறது. இந்த முடிவா, அந்த முடிவா என்று திரையில் கேள்வி வராது. நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை விளையாட்டு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். மேரியின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தீர்களா, காயம்பட்டதும் மருந்து குடித்தீர்களா, ஏஞ்சலா என்ற பெண்ணிடமிருந்து வாங்கிய கத்தியை எத்தனை முறை உற்றுப் பார்த்தீர்கள் எனக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

நான் முதன்முறை ஆடியபோது மருந்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, கடைசிவரை காயத்தோடே நடந்தேன். கத்தியை ஏதோ புதிருக்கான சாவி என்று எண்ணி அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். என் கஞ்சத்தனத்தை விளையாட்டு, வாழ விருப்பமில்லாதவனின் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டது; ஜேம்ஸ் காரோடு ஏரிக்குள் போய்விட்டான். பெட்டியில் இருபதுக்கு மேல் மருந்துப் புட்டிகள் மிச்சம் இருந்தன.