நாற்றம் என்று சொன்னால் காதில் எது விழுகிறது?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பேசச் சென்றிருந்தபோது, "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு" என்ற 1274ஆம் குறளைச் சொன்னேன். அரும்புக்குள் மணம் அடங்கியிருப்பதுபோல அவளுடைய புன்னகைக்குள் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது என்று விளக்கத் தொடங்குவதற்குள், பின்வரிசை மாணவன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொள்ள, வகுப்பே சிரித்துவிட்டது. குற்றம் அவன்மீது இல்லை.

பல பொருள் உடைய ஒரு சொல்லைக் கேட்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதை டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்று அழகாகக் காட்டியது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி என்றும் பொருள். ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே பேசும் வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே, திரையில் தோன்றிய 'எறும்பு' என்ற சொல்லை மட்டுமன்றி 'ஒற்றன்' என்ற சொல்லையும் மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசைகள் கழித்துச் சோதித்தபோதோ 'எறும்பு' மட்டுமே விரைவாக வந்தது. அதாவது, இரண்டு பொருளும் முதலில் எழுகின்றன. சூழல் பின்னர் ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுகிறது.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வலிமை இருப்பதில்லை. வாசிப்போரின் கண்ணசைவைப் பதிவு செய்து 1988இல் வெளியான ஆய்வில், அன்றாடம் மிகுதியாக வழங்கும் பொருளை விடுத்து அரிதான பொருளைச் சூழல் கேட்கும் இடங்களில், பார்வை அந்தச் சொல்மீது கூடுதல் நேரம் தங்கியது. 'நாற்றம்' அத்தகைய சொல்லாகிவிட்டது. பழந்தமிழில் மணத்தைக் குறித்த அந்தச் சொல்லுக்கு இன்று கெட்ட வாடை என்பதே முந்திக்கொண்டு வரும் பொருள்.

தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. பல பொருள் ஒருசொல்லின் பொருள் "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்", அதாவது உடன்வரும் வினையாலும் இனமான சொல்லாலும் சுற்றியுள்ள சூழலாலும் தெளிவாகும் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. 'மா வீழ்ந்தது' என்றால் இரண்டும் பொருந்துமாதலால், எதுவென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் குறளில் நாற்றத்துக்கு முன்பே 'முகைமொக்குள்' என்ற சார்பு இருக்கிறதே, அது ஏன் உதவவில்லை? முகை என்றால் அரும்பு என்று அறிந்தவருக்குத்தான் அது சார்பு. அறியாத மாணவருக்கு வெறும் ஒலி. சூழல் என்பது பாட்டில் பாதியும் கேட்பவர் தலைக்குள் பாதியுமாக இருக்கிறது.

சொல்பவருக்கு இந்த இடைவெளி தெரிவதில்லை என்பதே சிக்கல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் 1990ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்காக, எல்லோரும் அறிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொல்லி, எதிரில் இருப்பவரைப் பாடலைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 முறையில் 3 முறைதான் விடை சரியாக வந்தது. தட்டுபவரின் மனத்தில் மெட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கும், கேட்பவருக்கு டொக் டொக் மட்டுமே. எனக்குள்ளும் அன்று அந்த மெட்டுதான் ஓடியது.

அடுத்த முறை ஒரு மல்லிகை அரும்பைக் கொண்டுபோய், "முகை என்பது இதுதான்" என்று காட்டிவிட்டுக் குறளைச் சொன்னேன். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. முன்வரிசை மாணவி ஒருத்தி அரும்பை வாங்கி முகர்ந்து பார்த்து, "இன்னும் வாசமே வரலையே சார்" என்றாள்.