ஒரே குளுக்கோஸ் பாட்டில்

குறைமாதக் குழந்தையைப் பார்க்க தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் ஆயாமாரிடம் (பாட்டிமாரிடம்), ஐ.சி.யூ. வாசலில் நர்ஸ் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்வார், காவடிக்குக் கட்டிய காப்புக் கயிற்றையும் சேர்த்து. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஈரக் கயிற்றில் ஒட்டிய கிருமி சோப்புக்கு லேசில் போகாது, உள்ளே படுத்திருப்பதோ ஒரு கிலோகூடத் தேறாத பிள்ளை.

2005இல், டர்பன் இருக்கும் க்வாசூலு-நாட்டால் மாகாணத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் 20க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளை உடைத்துப்போடும் என்சைம் கொண்ட க்ளெப்சியெல்லா பாக்டீரியாதான் காரணம். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் நீரில் போய் நின்றார்கள்.

இது எப்படி நடக்கும்? பாட்டிலின் ரப்பர் மூடியில் ஒருவர் ஊசி குத்தி ஐந்து மில்லி எடுக்கிறார், பாட்டிலை மேசையில் வைக்கிறார், அரை மணி கழித்து இன்னொருவர் அதே மூடியில் குத்துகிறார். கையிலிருந்த கிருமி ஒரு தடவை உள்ளே போனால் போதும். அறைச் சூட்டிலேயே சர்க்கரைத் தண்ணீரில் அது பெருகும், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், அப்புறம் அந்தப் பாட்டிலிலிருந்து யார் யாருக்கு ஏற்றுகிறார்களோ அத்தனை பேர் ரத்தத்துக்கும் நேராகப் போய்விடும்.

சரி, இன்னும் வலுவான மருந்து கொடுத்தால் என்ன? மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிகள் செத்து, கட்டுப்படாதவைக்கு இடம் காலியாகும். அதனால் நோய்ப்பரவலை நிறுத்த வழியைத்தான் அடைக்க வேண்டும். நன்றாக இருக்கிற குழந்தையின் குடலிலும் கிருமி ஒளிந்திருக்கும் என்பதால் எல்லாருக்கும் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து சோதிப்பார்கள். இருப்பவர்களைத் தனியாக வைத்து, அவர்களுக்கென்றே நர்ஸை ஒதுக்கி, தேவைப்பட்டால் புது அட்மிஷனையே நிறுத்துவார்கள். கைகழுவும் தொட்டியின் வடிகுழாயையும் விடமாட்டார்கள், அங்கே ஒட்டி வாழும் கிருமி தண்ணீர் தெறிக்கும்போது வெளியே வரும்.

இதில் நர்ஸ்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். 2019 கடைசியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தெம்பிசா மருத்துவமனையில் இதே க்ளெப்சியெல்லாவால் 10 குழந்தைகள் இறந்தபோது அந்தப் பிரிவில் இடத்துக்கு மீறிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி எத்தனை இன்குபேட்டருக்குத்தான் ஓடுவாள், ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் கையில் ஆல்கஹால் தேய்க்க அவளுக்கு நேரம் எங்கே?

சாவு நின்றதும் எல்லாம் முடிந்துவிடாது. வீட்டுக்கு வந்த குழந்தையின் மலத்தில் கிருமி மாதக்கணக்கில் இருக்கலாம், மறுபடி அட்மிட் செய்ய நேர்ந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.